ஜிம்னி எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்? மைலேஜும் மாதச் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாருதி சுசுகி ஜிம்னியின் ஐந்து கதவு மாடல் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்தது. வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது "எவ்வளவு தரும்?". வாங்கியவர் முதலில் கேட்பது "ஏன் இவ்வளவுதான் தருது?". இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே பதில். பெட்ரோல் விலை ஊருக்கு ஊர் மாறுவதால், கணக்கு சுலபமாக இருக்க லிட்டர் 100 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். உங்கள் பங்க் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

கம்பெனி சொல்லும் மைலேஜ் எவ்வளவு, கையில் கிடைப்பது எவ்வளவு?

வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் ஏஆர்ஏஐ அமைப்பின் கணக்குப்படி மேனுவல் லிட்டருக்கு 16.94 கி.மீ., ஆட்டோமேட்டிக் 16.39 கி.மீ. இது ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண். ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, கிண்டி மேம்பாலத்து நெரிசலும் கிடையாது. அந்தச் சோதனையில் வேகம் அதிகபட்சம் 90 கி.மீ.தான் போகும்.

ஓட்டுகிறவர்கள் பொதுவாகச் சொல்வது நகருக்குள் 11 முதல் 13, நெடுஞ்சாலையில் நிதானமாகப் போனால் 15 முதல் 17. நெரிசலில் ஏசியோடு ஊர்ந்தால் 10 கூட வரும். அதைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏதோ கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். டேங்க் கொள்ளளவு 40 லிட்டர்தான். அதனால் 400, 450 கிலோமீட்டருக்கு ஒருமுறை பங்க் பார்த்தாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி சின்னது, எஞ்சின் 1.5 லிட்டர். அப்புறம் ஏன் இவ்வளவு குறைவு?

எடையைக் குற்றம் சொல்ல முடியாது. சுமார் 1,200 கிலோதான். லேடர் சேசிஸ் (ஏணி போன்ற இரும்புச் சட்டம்) வைத்த வண்டிக்கு இது மிகக் குறைவு. குற்றவாளிகள் வேறு.

முதல் ஆள், வடிவம். செங்குத்தான கண்ணாடி, தட்டையான முகப்பு, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி, 1,720 மி.மீ. உயரம். பீரோவைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தே தள்ளிக்கொண்டு போவது போலத்தான் காற்றை எதிர்த்துப் போகிறது. ஊருக்குள் இது தெரியாது. எண்பதைத் தாண்டும்போது தெரியும்.

இரண்டாவது, கியர். மேனுவலில் ஐந்தே கியர். ஐந்தாவதில் 100 கி.மீ. வேகம் போகும்போது எஞ்சின் 3,000 ஆர்பிஎம்முக்குச் சற்று மேலே சுற்றிக்கொண்டிருக்கும். "ஆறாவது கியர் எங்கே?" என்று தேடிக் கை தானாக லீவருக்குப் போகும். ஆனால் சுசுகி இதை யோசிக்காமல் செய்யவில்லை. 134 நியூட்டன் மீட்டர் டார்க் மட்டுமே உள்ள எஞ்சினை வைத்துக்கொண்டு கல்லிலும் மேட்டிலும் ஏற வேண்டுமென்றால் கியரைக் குட்டையாகத்தான் வைக்க முடியும். அந்த வசதிக்கான விலையை நெடுஞ்சாலையில் கொடுக்கிறோம்.

மூன்றாவது, அடியில் இருக்கும் இரும்பு. எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன்னும் பின்னும் திடமான ஆக்சில், திருப்பத்தில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் இரண்டு. 2எச்சில், அதாவது பின் சக்கரங்கள் மட்டும் தள்ளும் நிலையில், ஓடும்போது முன் சக்கர ஹப் இணைப்பிலிருந்து விடுபடுவதால் முன் ஆக்சில் வீணாகச் சுற்றுவதில்லை. ஆனாலும் எடையையும் எண்ணெய் உராய்வையும் சுமந்துதானே ஆக வேண்டும்?

ஐரோப்பாவில் இதே காரணத்தால் ஜிம்னிக்குப் பெரிய சிக்கல் வந்தது. அங்கே மூன்று கதவு ஜிம்னியின் புகை அளவு கிலோமீட்டருக்கு 178 கிராம் கார்பன் டை ஆக்சைடு. 2020 முதல் அங்கே கம்பெனிகளின் சராசரி இலக்கு 95 கிராம். விளைவு, பயணிகள் காராக விற்பதை நிறுத்தி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு பேர் உட்காரும் சரக்கு வண்டியாக விற்றார்கள். இத்தனை சின்ன வண்டிக்கு அந்த நிலைமை!

நெடுஞ்சாலையில் எந்த வேகத்தில் போனால் கட்டுப்படியாகும்?

80 முதல் 85. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80இல் இருப்பதைவிட 100இல் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். எஞ்சின் சுற்றும் 2,500இலிருந்து 3,100க்குப் போய்விடும். சென்னை–திருச்சி சாலையில் 110இல் விரட்டிக்கொண்டு போய் "13தான் தந்தது" என்று வருத்தப்படுபவர், திரும்பும்போது 80இல் வந்து பார்க்கட்டும். விழுப்புரம் தாண்டுவதற்குள் மீட்டரில் வித்தியாசம் தெரியும். கூடவே, மேலே ரூஃப் கேரியர் இருந்தால், தேவைப்படாத நாளில் கழற்றி வீட்டில் வையுங்கள். காலியாக இருந்தாலும் அது காற்றோடு மல்லுக்கட்டும்.

மைலேஜைச் சரியாகக் கணக்கிடுவது எப்படி? மீட்டரில் காட்டுவதை நம்பலாமா?

மீட்டரில் காட்டுவது போக்கைப் பார்க்க உதவும், அவ்வளவுதான். டேங்க் டு டேங்க் கணக்குதான் கணக்கு. நாசில் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். "இன்னும் கொஞ்சம் பிடிக்கும் சார்" என்று பங்க் பையன் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, பாதிக்கு மேல் காலியானதும் அதே பங்கில், முடிந்தால் அதே பம்பில், மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரத்தை இரண்டாவது முறை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். 364 கி.மீ. ஓடி 26 லிட்டர் பிடித்தால் 14.

ஒரே டேங்க் வைத்து முடிவுக்கு வராதீர்கள். தரை சாய்வாக இருந்தால்கூட ஒன்றிரண்டு லிட்டர் முன்பின் ஆகும். மூன்று நான்கு டேங்கின் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுத்தால் அந்தப் பிசகு கரைந்துவிடும்.

மலை இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சமா?

இல்லை. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. பழைய டிரைவர்கள் சொல்லிக்கொடுத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைய எஞ்சினில், கியரில் இருக்கும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர் பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றவைக்கிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலுக்குப் பெட்ரோல் ஊற்றியாக வேண்டும். ஆக, நியூட்ரலில்தான் செலவு.

அதைவிட முக்கியம் பிரேக். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ நியூட்ரலில் இறங்கினால் மொத்தச் சுமையும் பிரேக்கின் தலையில். ஜிம்னிக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்குங்கள். பெட்ரோலும் மிச்சம், பிரேக் பேடும் மிச்சம்.

மழையில் தார்ச்சாலையில் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டே ஓட்டலாமா?

வேண்டாம். ஜிம்னியில் இருப்பது பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லை. 4எச்சில் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டுவிடும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டியவை. மண்ணாக இருந்தால் சற்று வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் பிடித்துக்கொள்வதால் அந்த இழுபறி டயரிலும் கியரிலும் ஏறும். பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது வண்டி யாரோ பிடித்து இழுப்பதுபோல் தயங்கினால், லீவரைப் பாருங்கள், 4எச்சில் இருக்கும். பெட்ரோல் கூடுதலாகப் போவது இதில் சின்ன விஷயம். டயரும் டிரான்ஸ்ஃபர் கேஸும்தான் பெரிய செலவு.

சேறு, மணல், 4எல்: அங்கே எவ்வளவு குடிக்கும்?

அங்கே கிலோமீட்டர் கணக்குக்கு அர்த்தமில்லை, மணிக்கணக்குதான். 4எல் என்பது நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் நிலை; அதில் கியர் விகிதம் இரண்டு மடங்காகிறது. நடந்து போகும் வேகத்தில் எஞ்சின் சுற்றிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 5, 6 என்று மீட்டர் காட்டினால் பதற வேண்டாம். அரை நாள் அலைந்தாலும் ஓடிய தூரம் 20 கிலோமீட்டர்தான் இருக்கும். நாலு லிட்டரோடு முடிந்துவிடும்.

மணலில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவது சரியான வழி. தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்ப மறப்பதுதான் தவறு. குறைந்த காற்றில் டயர் சூடேறும், பெட்ரோலும் போகும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் ஒரு சின்ன கம்ப்ரசர் வாங்கி வையுங்கள். எவ்வளவு நிரப்ப வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும். பஞ்சர் கடையில் கேட்காமலே 35 அடித்துவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டியிடம் 4எல் இருக்கிறது என்பதற்காகக் காப்புக்காட்டுக்குள் இறங்கிவிடக் கூடாது. அனுமதியில்லாமல் நுழைந்தால் 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி வழக்கு வரும். அந்தச் செலவுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் உதவாது.

பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது. டயர்தான் காரணமா?

பாதி காரணம் டயர், பாதி கணக்கு. கம்பெனி டயர் 195/80 ஆர்15. விட்டம் சுமார் 693 மி.மீ. பலர் போடும் 235/75 ஆர்15இன் விட்டம் சுமார் 733. அதாவது ஒவ்வொரு சுற்றுக்கும் கிட்டத்தட்ட 6 சதவீதம் அதிக தூரம் போகிறது. ஆனால் ஓடோமீட்டருக்கு அது தெரியாது. மீட்டர் 100 கி.மீ. காட்டும்போது நீங்கள் உண்மையில் சுமார் 106 கி.மீ. வந்திருப்பீர்கள். மைலேஜ் 12 என்று கணக்கு வந்தால் உண்மையில் 12.7. இந்தத் திருத்தத்தைச் செய்யாமலே டயரைத் திட்டுகிறார்கள். வேகமும் அப்படித்தான்: மீட்டரில் 80 என்றால் சாலையில் 85க்கு அருகே.

திருத்திய பிறகும் குறைவது உண்மை. டயரின் எடை, முரட்டு பட்டன், கூடுதல் அகலம் எல்லாம் 105 குதிரைத்திறனைத்தான் கடிக்கும். என்னைக் கேட்டால் 215/75 ஆர்15 போதும். பொலேரோவின் டயர் அளவு அது என்பதால் சின்ன ஊரிலும் கிடைக்கும். விட்டத்தில் வித்தியாசம் 1.5 சதவீதம்தான். ஆனால் எதை மாற்றினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து ஐந்து டயரையும் ஒரே அளவில் தேயவிடுங்கள். பூட்டப்படும் ஃபோர் வீல் டிரைவில் இரண்டு புது டயரும் இரண்டு மொட்டை டயரும் சேர்ந்து ஓடக் கூடாது.

இ20 பெட்ரோலால் எவ்வளவு குறையும்?

எத்தனாலில் ஒரு லிட்டருக்கு உள்ள ஆற்றல், பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இ20 என்பதுபோல் 20 சதவீதம் எத்தனால் கலந்தால், கலப்பே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட ஆற்றல் 6, 7 சதவீதம் குறைகிறது. இ10 ஊற்றிக்கொண்டிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் அதில் பாதி. எஞ்சின் ட்யூனிங்கில் கொஞ்சம் மீட்கலாம், முழுவதும் அல்ல. ஐந்து கதவு ஜிம்னி 2023 ஏப்ரல் விதிகளுக்குப் பிறகு வந்தது என்பதால் ரப்பர் குழாய், சீல் பற்றிக் கவலை வேண்டாம். பழைய ஜிப்சி வைத்திருப்பவர்கள்தான் எரிபொருள் குழாய்களை அடிக்கடி பார்க்க வேண்டும்.

மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால் மொத்தத்தில் என்ன ஆகும்?

சராசரி 14 என்றால் 71 லிட்டர், சுமார் 7,150 ரூபாய். நகரத்திலேயே ஓடி 12 கிடைத்தால் 8,300. 18 தரும் ஒரு 1.2 லிட்டர் சின்ன எஸ்யூவிக்கு 5,550. ஜிம்னிக்கும் அதற்கும் மாதம் 1,600 ரூபாய் வித்தியாசம். ஐந்து வருடத்தில், 60,000 கிலோமீட்டரில், சுமார் 95,000 ரூபாய்.

இந்த 95,000 ரூபாய்க்காகத்தான் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வண்டியை ஷோரூமிலிருந்து வெளியே எடுக்கும் அன்றே இதைவிடப் பெரிய தொகை போய்விடுகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் மாற்றிய ஆயுள் வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 முதல் 20 லட்சத்துக்கு 18 சதவீதம். ஒன்பதரை லட்சம் ரூபாய் காருக்கு வரி சுமார் 1.24 லட்சம். பன்னிரண்டே முக்கால் லட்சம் ரூபாய் ஜிம்னிக்கு சுமார் 2.3 லட்சம். வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேல். ஐந்து வருட பெட்ரோல் வித்தியாசம் முழுவதும் ஆர்டிஓ கணக்கிலேயே முடிந்துவிட்டது!

விலைக்குள்ளேயே இன்னொரு வரி ஒளிந்திருக்கிறது. நீளம் 3,985 மி.மீ., நான்கு மீட்டருக்குள்தான். ஆனால் எஞ்சின் 1,462 சிசி. பெட்ரோல் காருக்கு நான்கு மீட்டர், 1,200 சிசி என்ற இரண்டு வரம்புக்குள்ளும் இருந்தால்தான் குறைந்த ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22க்குப் பிறகு அந்தக் குறைந்த வகைக்கு 18 சதவீதம், ஜிம்னிக்கு 40 சதவீதம். முன்பு செஸ் சேர்த்து 45 இருந்தது, அதற்கு இது தேவலை.

ஆகவே மைலேஜுக்காக ஜிம்னியை வேண்டாம் என்பவரும், "மைலேஜ் பரவாயில்லை" என்று சமாதானமாகி வாங்குபவரும் தவறான கட்டத்தைப் பார்க்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது எஸ்டேட் பாதை, தோட்டம், ஆற்றுப்படுகை என்று தார் இல்லாத இடத்துக்குப் போகிறவருக்கு இந்தப் பணம் நியாயம். மாதம் 2,000 கி.மீ. நான்குவழிச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்கு நியாயமில்லை. அவர் 4எல் லீவரைத் தூசு தட்ட மட்டுமே தொடுவார்.

சர்வீஸ் செலவு அதிகமா?

எஞ்சின் பக்கம் பயமில்லை. கே15பி என்ற இந்த எஞ்சின் முன்பு சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸாவில் ஓடியதுதான். ஃபில்டரும் பிளக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. 1,000, 5,000, 10,000 கி.மீ. என மூன்று இலவச சர்வீஸ். பிறகு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலோ அது.

கூடுதல் செலவு அடியில் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒன்று, டிஃபரென்ஷியல் இரண்டு என மூன்று இடத்தில் தனித்தனி எண்ணெய். ஆழமான தண்ணீரில் இறங்கியிருந்தால் அட்டவணைத் தேதிக்காகக் காத்திருக்காமல் டிஃபரென்ஷியல் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் பால் காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். அன்றே மாற்றிவிட வேண்டும். இரண்டு லிட்டர் எண்ணெய்க்கு யோசித்தால் பேரிங்குக்குப் பல ஆயிரம் கொடுக்க நேரிடும். சேற்றில் ஓடிய பிறகு பின் டிரம்மைத் திறந்து மண்ணைத் தட்டச் சொல்வதும் நல்லது. முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் மூட்டான கிங்பின்னின் சீலும் அப்படித்தான்: சீல் கிழிந்து மண் புகுந்தால் ஒருநாள் 70, 80 வேகத்தில் ஸ்டியரிங் கைக்குள்ளேயே நடுங்க ஆரம்பிக்கும். கடற்கரை மணலில் இறங்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

இன்சூரன்ஸ்?

இங்கே சிசி கைகொடுக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 1,000 முதல் 1,500 சிசி வரை வருடம் 3,416 ரூபாய்; 1,500ஐத் தாண்டினால் 7,897. ஜிம்னி 1,462இல் தப்பித்துவிடுகிறது. சொந்தச் சேதக் காப்பீட்டில் எஞ்சின் ப்ரொடெக்ட் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்து எஞ்சின் பூட்டிக்கொண்டால் சாதாரண பாலிசி பெரும்பாலும் கைவிரிக்கும்.

மஹிந்திரா தார் டீசல் வாங்கினால் மிச்சமாகுமா?

எரிபொருளில் கொஞ்சம். டீசல் என்றாலும் தார் ஜிம்னியைவிட நானூறு ஐந்நூறு கிலோ அதிக எடை. கிடைக்கும் கிலோமீட்டரில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. லாபம் லிட்டர் விலையில்தான். 2.2 லிட்டர் எஞ்சின் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு மேல் வகைக்குப் போகும். டயர் பெரியது, விலையும் அதிகம். தாரை அதன் இழுவைக்காக வாங்கலாம். மிச்சம் பிடிக்க வாங்க வேண்டாம்.

ஆட்டோமேட்டிக் எடுத்தால் ரொம்ப நஷ்டமா?

சான்று எண்ணை வைத்துப் பார்த்தால் 1,000 கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர், 200 ரூபாய். நகர நெரிசலில் இன்னும் கொஞ்சம் போகும், ஏனென்றால் பழைய பாணி நான்கு கியர் டார்க் கன்வெர்ட்டர் இது. கரடுமுரடான பாதையில் கிளட்ச் தேயாது என்பது பதிலுக்கு வரும் லாபம். சேற்றில் ஹாஃப் கிளட்ச் போட்டே பழகியவர்கள் கிளட்ச் பிளேட் விலையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சிஎன்ஜி கிட் போடலாமா?

கம்பெனி சிஎன்ஜியில் தருவதில்லை. டீசலும் ஹைபிரிடும்கூட இல்லை. வெளியே போட்டால் எஞ்சின் வாரண்டி போய்விடும். போகட்டும் என்றாலும் சிலிண்டரை எங்கே வைப்பீர்கள்? பின் சீட் நிமிர்ந்திருக்கும்போது டிக்கி 208 லிட்டர்தான். அடியில் தொங்கவிட்டால் 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் போச்சு. வேண்டாம் சார்.